ராஜா ரத்தம் கொடுத்த வருடங்கள்

நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இருப்பவர்களுக்கு இந்தச் செய்தி பழக்கமானது. "அவசரம். லேப்ரடார், டிக் ஃபீவர், பிளட் உடனே வேணும். பெரிய நாய் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு உதவுங்க." கீழே தலையைக்கூடத் தூக்க முடியாமல் படுத்திருக்கும் ஒரு நாயின் படம். உதவ வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ராத்திரி பத்து மணிக்கும் காரில் நாயை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அப்படி வந்தவர்களில் பலர் ரத்தம் கொடுக்க முடியாமல் திரும்புவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கு எடை போதாது, இன்னொன்றுக்குத் தடுப்பூசி தேதி தாண்டிவிட்டது, மூன்றாவதன் ரத்தத்திலேயே உண்ணிக் காய்ச்சல் கிருமி இருக்கிறது. மனம் இருக்கிறது, நாயும் இருக்கிறது, ஆனால் கொடுக்கத் தகுந்த ரத்தம் இல்லை. கொடையாளி நாயை அவசரத்தில் தேடிப் பிடிப்பது கஷ்டம். அதை வீட்டில் முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். எங்கள் ராஜாவை அப்படி வைத்திருந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ராஜா லேப்ரடார். நல்ல உடல்கட்டு, முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வருடாந்திரத் தடுப்பூசிக்குப் போனபோது எங்கள் டாக்டர்தான் முதலில் கேட்டார். "இவன் ரொம்ப அமைதியா இருக்கான். டோனரா பதிவு பண்ணலாமே?" அதுவரை நாய்க்கு நாய் ரத்தம் கொடுக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விலங்குகளுக்கென்றே ஒரு ரத்த வங்கி இருப்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

வீட்டில் வந்து சொன்னதும் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நம்ம ரத்தம் கொடுக்கிறோம்னா நாமளா போய்க் கொடுக்கிறோம். இது வாயில்லா ஜீவன். அதுகிட்ட யாரு கேட்டா?" என்றாள். என்னிடம் உடனே பதில் இல்லை. அந்தக் கேள்வியை நான் இன்றும் தள்ளிவிடவில்லை. பின்னால் சொல்கிறேன்.

முதலில், நாய்களுக்கு எதற்கு ரத்தம்? வண்டியில் அடிபடுவது, அறுவை சிகிச்சை, எலி மருந்து சாப்பிட்டு ரத்தம் உறையாமல் போவது, குட்டிகளுக்கு ரத்தபேதி வரவைக்கும் பார்வோ வைரஸ், அவற்றின் குடலில் கொக்கிப்புழு ரத்தத்தைக் குடித்துத் தீர்ப்பது என்று காரணங்கள் நிறைய உண்டு. சில நாய்களுக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் சிவப்பணுக்களை அழிக்கும். ஆனால் நம் ஊர் வெயிலில் வருடம் முழுக்க வருவது உண்ணிக் காய்ச்சல்தான். எர்லிக்கியா, பெபீசியா என்ற கிருமிகளை நாய் உண்ணி பரப்புகிறது. பெபீசியா சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும். எர்லிக்கியா பெரும்பாலும் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கும், நாள்பட விட்டால் எலும்பு மஜ்ஜையையே முடக்கும்.

இது ஒரே நாளில் வந்து விழுகிற நோய் இல்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டான், மாடிப்படி ஏறத் தயங்குவான், "வெயில்ல சோர்ந்திருக்கான்" என்று விட்டுவிடுவோம். அப்புறம் மூக்கில் ரத்தம் வரும், அல்லது சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகும். அதற்கு முன்பே பார்க்கக்கூடியது ஈறு. வாரம் ஒரு முறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். நல்ல ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு கறுப்பாக இருக்கும் நாய் என்றால் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்க்கலாம். வெள்ளைக் காகிதம் மாதிரி தெரிந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். உங்கள் நாயின் ஈறு சாதாரண நாளில் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால்தான் மாற்றம் கண்ணில் படும்.

கொடையாளிக்கு என்ன தகுதி? வயது சுமாராக ஒன்றிலிருந்து எட்டு வரை. எடை 25 கிலோவுக்கு மேல், கொழுப்பால் வந்த எடையாக இல்லாமல். சில இடங்களில் 20 கிலோ வரைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். தடுப்பூசி, குடற்புழு நீக்கம் எல்லாம் தேதி தவறாமல் போட்டிருக்க வேண்டும். இதற்கு முன் வேறு நாயின் ரத்தம் ஏற்றப்பட்டிருக்கக் கூடாது. சினையாகவோ பால் கொடுத்துக்கொண்டோ இருக்கக் கூடாது. தினசரி மருந்து எடுத்துக்கொள்ளும் நாயாக இருந்தால் பொதுவாகச் சரிப்படாது. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். நல்ல உயரமும் எடையும் உள்ள ராஜபாளையமும் கொடுக்கலாம், தெருவிலிருந்து தூக்கி வந்து வளர்த்த நாட்டு நாயும் கொடுக்கலாம். கிரேஹவுண்டு மாதிரி ஓட்டக்கார நாய்களின் ரத்தத்தில் சிவப்பணு அளவு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். வெளிநாடுகளில் அவற்றைக் கொடையாளிகளாக விரும்பி எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு சோதனை. பி.சி.வி. என்பார்கள், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்ற அளவு. நல்ல நாய்க்கு 37-லிருந்து 55 வரை இருக்கும், கொடையாளிக்கு 40-க்கு மேல் எதிர்பார்ப்பார்கள். கூடவே உண்ணிக் கிருமிகள், இதயப்புழு, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்ப்பார்கள். இங்கேதான் பல நாய்கள் நிற்கின்றன. வெளியில் துள்ளிக்கொண்டிருக்கும் நாயின் ரத்தத்திலும் எர்லிக்கியா ஒளிந்திருக்கலாம். ஒரு முறை வந்து குணமான நாயும் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கலாம். அந்த ரத்தத்தை ஏற்கெனவே சாகக் கிடக்கும் நாய்க்கு ஏற்றினால் என்ன ஆகும்?

அதனால் கொடையாளி நாயை வளர்ப்பதில் முக்கால்வாசி வேலை உண்ணியை அண்டவிடாமல் வைத்திருப்பதுதான். எங்கள் வீட்டில் மாதா மாதம் மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒன்று என்ற வகையும் கிடைக்கிறது. விலை குறைவில்லை, ஆனால் உண்ணிக் காய்ச்சல் வந்தபின் ஆகும் செலவோடு ஒப்பிட வேண்டியதே இல்லை. வலிப்பு வந்த நாயாக இருந்தால் மட்டும் அந்த வகை மாத்திரைக்கு முன் டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தினமும் வாக்கிங் முடிந்து வந்ததும் காது மடலுக்குள், கால் விரல் இடுக்கில், அக்குளில், கழுத்துப் பட்டைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன். உண்ணி கிடைத்தால் கிடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். விரலில் நசுக்க வேண்டாம். மண்ணெண்ணெய் தடவும் வழக்கம் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாய் அதை நக்கும், தோலும் வெந்துபோகும். பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதுவும் நாயின் மேல் இல்லை, சுவர் விரிசலிலும் கதவு நிலையிலும். நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு, அது படுக்கும் இடத்தை விட்டுவிட்டால் பயனில்லை.

சரி, ரத்தம் எடுப்பது எப்படி? எல்லாரும் முதலில் பயப்படுவது இதற்குத்தான். அம்மாவையும் கூட்டிக்கொண்டே போனேன். ராஜாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். கழுத்தில் ஒரு கைப்பிடி அகலத்துக்கு முடியை மழித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள். காலில் உள்ள குழாய் சிறியது, அதனால் பெரும்பாலும் கழுத்திலுள்ள பெரிய ரத்தக்குழாயில்தான் எடுப்பார்கள். நான் அவன் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்து காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டிருந்தேன். ஊசி குத்தும்போது காது ஒரு முறை அசைந்தது. பை கீழே ஒரு சின்னத் தராசின் மேல் இருந்தது. ஒருவர் அதை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தார், ரத்தம் உறையாமலிருக்க உள்ளே இருக்கும் திரவத்தோடு கலக்க வேண்டும். மனிதர்களுக்குப் பயன்படுத்தும் அதே வகைப் பை, 450 மில்லி. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. ஊசியை எடுத்ததும் அந்த இடத்தில் பஞ்சை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள். அம்மாதான் பிடித்தாள்.

450 மில்லி அதிகமில்லையா? நாயின் உடம்பில் கிலோவுக்கு 80, 90 மில்லி ரத்தம் ஓடும். ராஜா எடைக்கு இரண்டரை லிட்டருக்கு மேல். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் எடுக்கிறார்கள், சில வாரங்களில் உடம்பு அதை ஈடுகட்டிவிடும். மறுபடி கொடுக்க இரண்டு, மூன்று மாதமாவது போக வேண்டும். நாங்கள் அதைவிட நீண்ட இடைவெளிதான் விட்டோம், சென்னை வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் கொடுக்கவைத்ததே இல்லை.

எடுத்த அன்று கழுத்துப் பட்டை போடக் கூடாது, மார்பில் மாட்டும் பெல்ட் கொண்டு போங்கள். தண்ணீரும் வழக்கமான சாப்பாடும் போதும். ரத்தம் எடுப்பதற்கு முந்தைய நாள் மட்டன் கொழுப்பு, எண்ணெய்ப் பதார்த்தம் வேண்டாம், ரத்தத்தில் கொழுப்பு மிதக்கும். இரண்டு நாளைக்கு ஓட்டம், குதியாட்டம், குளியல் எல்லாம் தள்ளிப்போடலாம். ஊசி போட்ட இடத்தில் கொஞ்சம் கன்றிப்போகலாம். நாய் தள்ளாடினாலோ, ஈறு வெளுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ உடனே போன் செய்யுங்கள்.

இனி அம்மாவின் கேள்வி. நாயிடம் வாயால் கேட்க முடியாது. ஆனால் அது சொல்லும் பதிலைப் பார்க்க முடியும். ஒரு தடவை, பட்டாசுச் சத்தம் கேட்ட மறுநாள் என்று நினைக்கிறேன், ராஜா அறைக்குள் நுழையவே மறுத்தான். வாலை உள்ளே இழுத்துக்கொண்டான், உதட்டை நக்கிக்கொண்டே இருந்தான், படுக்கச் சொன்னதும் எழுந்து வாசலைப் பார்த்தான். டாக்டர் ஊசியை எடுக்கவே இல்லை. "இன்னைக்கு அவனுக்கு இஷ்டமில்லை, கூட்டிட்டுப் போங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அம்மா இதைப் பற்றி வாதாடவில்லை. நாலு பேர் அமுக்கிப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றால் என் கணக்கில் அந்த நாய் கொடையாளி இல்லை. அது நாயின் குறையும் இல்லை. அதன் பங்கை வேறு நாய் கொடுக்கட்டும். ரத்தம் பெறும் நாயின் வீட்டுக்காரர் அங்கே அழுதுகொண்டு நிற்கும்போது இதைச் சொல்வது கடினம். அப்போதும் சொல்ல வேண்டும். நம் நாய்க்காகப் பேச அங்கே இருப்பது நாம் மட்டும்தான்.

ரத்தம் போய்ச் சேர்கிற பக்கத்தையும் ஒரு முறை பார்க்க வாய்த்தது. ஓட்டேரிப் பக்கம் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ஒருவரின் நாட்டு நாய், பெயர் மணி. பெபீசியா முற்றி, நிற்கத் தெம்பில்லாமல் கொண்டுவந்திருந்தார். வடிகட்டியுள்ள குழாய் வழியாக முதல் அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக மிக மெதுவாக விட்டார்கள். உடல் சூடு, மூச்சு, நாடி எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். வாந்தி, தடிப்பு, நடுக்கம் எது வந்தாலும் நிறுத்திவிடுவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் கொஞ்சம் வேகம் கூட்டி நாலு மணி நேரத்துக்குள் முடிப்பார்கள். சாயங்காலம் மணி தலையைத் தூக்கிப் பார்த்தான். மறுவாரம் அவர் எங்கள் வீட்டைத் தேடி வந்துவிட்டார், கையில் ஒரு கவர் நிறையப் பொறை. "அக்கா, இது உங்க புள்ளைக்கு" என்றார். டீக்கடைப் பொறையைப் பார்த்தால் ராஜாவுக்குத் தலைகால் புரியாது.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. ராஜாவின் ரத்தம் ஏற்றியும் பிழைக்காத நாய் உண்டு. ரத்தம் ஏற்றுவது நோய்க்கு மருந்தாகாது, மருந்து வேலை செய்யும்வரை உயிரைப் பிடித்துவைக்கும் அவகாசம்தான். ரத்தம் ஏறி நாய் எழுந்து நடந்துவிட்டது என்று மாத்திரையை நடுவில் நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் என்றால் வழக்கமாக 28 நாள் கொடுக்கச் சொல்வார்கள். அத்தனை நாளும் கொடுங்கள்.

ரத்த வகை பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. மனிதர்களுக்குள்ள ஏ, பி, ஓ நாய்க்குக் கிடையாது, மனித ரத்தம் நாய்க்கு ஏற்றவும் முடியாது. நாய்களில் ஒரு டஜனுக்கு மேல் வகைகள் உண்டு, முக்கியமானது டி.இ.ஏ. 1 என்பது. அது பாசிட்டிவா நெகட்டிவா என்று பார்ப்பார்கள். மற்ற நாயின் இந்த வகை ரத்தத்துக்கு எதிரான பொருள் நாயின் உடம்பில் பிறவியிலேயே இருப்பதில்லை. அதனால் முதல் முறை ஏற்றும்போது ஆபத்து குறைவு. வாங்கிய சில நாட்களில் உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும், இரண்டாம் முறை பொருந்தாத ரத்தம் ஏறினால் விபரீதமாகிவிடும். ஆகவே உங்கள் நாய்க்கு எப்போதாவது ரத்தம் ஏற்றியிருந்தால், ஊர் மாறினாலும் டாக்டர் மாறினாலும் முதலில் அதைச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்திலேயே தேதியோடு எழுதி வையுங்கள். பூனைக்குக் கதையே வேறு. அதற்குப் பிறவியிலேயே எதிர்ப்பு உண்டு, முதல் முறையே தவறான வகை ஏறினால் உயிர் போகலாம். பூனைக்கு வகை பார்க்காமல் ரத்தம் ஏற்ற யாராவது அவசரப்படுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ரத்த வங்கியே இருக்கும்போது நாயை எதற்கு அழைக்கிறார்கள் என்று கேட்பார்கள். குளிர்ச்சியில் வைத்த ரத்தம் ஒரு மாதம் போலத்தான் தாங்கும், கொடையாளிகள் வந்துகொண்டே இருந்தால்தான் இருப்பு இருக்கும். தட்டணுக்கள் அந்தக் குளிரில் சில மணி நேரத்தில் வீணாகிவிடும். தட்டணு விழுந்து ரத்தம் கசிகிற நாய்க்கு அப்போதுதான் எடுத்த ரத்தம் வேண்டும். நாய்க்கு நாய் ரத்தம் மாற்றுவது புதிய விஷயமும் இல்லை. 1660-களில் இங்கிலாந்தில் ரிச்சர்டு லோயர் என்ற மருத்துவர் ஒரு நாயின் ரத்தத்தை இன்னொரு நாய்க்குச் செலுத்திக் காட்டிய பிறகுதான் மனிதர்களுக்கும் செய்யலாம் என்ற முயற்சிகள் வந்தன. இன்று நாம் வாங்கும் ஒவ்வொரு பாட்டில் ரத்தத்திலும் நாய்களுக்குக் கடன் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு குழுவில், பணம் கொடுத்தால் "டோனர் நாய்" கொண்டுவருவதாக ஒருவர் எழுதினார். எத்தனை நாளைக்கு ஒரு முறை எடுக்கிறீர்கள், என்ன சோதனை செய்தீர்கள் என்று கேட்டேன், பதில் வரவில்லை. கூண்டில் வைத்து, பணத்துக்காக அடிக்கடி ரத்தம் எடுக்கப்படும் நாயின் நிலையை நினைத்துப் பாருங்கள். 2025-ல் மத்திய அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை, விலங்குகளின் ரத்த வங்கிக்கும் ரத்தம் ஏற்றுவதற்கும் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. கொடை தானாக முன்வந்து, பணம் வாங்காமல் நடக்க வேண்டும், வகை பார்த்துப் பொருத்தம் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும் என்று அதில் இருக்கிறது. யாராவது விலை பேசினால் இதைச் சொல்லி மறுங்கள்.

எட்டு வயதானதும் ராஜாவை நிறுத்திவிட்டோம். மூட்டுவலியும் ஆரம்பித்திருந்தது. இப்போது எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலுமாகக் கொடையாளி நாய்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறேன். எடை, ரத்த வகை, கடைசியாகச் சோதித்த தேதி, கடைசியாகக் கொடுத்த தேதி, வீட்டுக்காரர் போனை எடுக்கும் நேரம், கார் இருக்கிறதா என்று எல்லாம் அதில் உண்டு. கார் இல்லாதவர்களுக்கு யார் வண்டி தருவார் என்றும் எழுதியிருக்கிறோம், பெரிய நாயை ஆட்டோவில் ஏற்ற எல்லாரும் ஒத்துக்கொள்வதில்லை. அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது வகையையும் உண்ணிச் சோதனையையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் உங்கள் நாயும் இப்படியொரு பட்டியலுக்குத் தயார்.

ரத்தம் தேடும் நிலை உங்களுக்கே வந்தால், செய்தியில் "அவசரம்" என்பதோடு நிறுத்தாமல் நாயின் எடை, நோய், பி.சி.வி. அளவு, ரத்த வகை தெரிந்தால் அது, முன்பு ரத்தம் ஏற்றியிருக்கிறதா, எந்த மருத்துவமனை, எத்தனை மணிக்குள் வேண்டும் என்று எழுதுங்கள். தேதியைக் கண்டிப்பாகப் போடுங்கள். இரண்டு போன் எண் கொடுங்கள், ஒன்று நாயின் பக்கத்தில் நிற்பவருடையது. ரத்தம் கிடைத்தவுடன், எந்தெந்தக் குழுவில் போட்டீர்களோ அங்கெல்லாம் "கிடைத்துவிட்டது" என்றும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அந்தச் செய்தி மாதக்கணக்கில் சுற்றும், யாரோ ஒருவர் தாம்பரத்திலிருந்து நாயை ஏற்றிக்கொண்டு வேப்பேரி வரைக்கும் வந்து நிற்பார்.